உட்கார்ந்தால் பொறுக்காதவர்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகமில்லை, குதிகால். வெடித்துக் காய்ந்து, ஓரமெல்லாம் தோல் தூக்கிக்கொண்டிருக்கும் குதிகால். திருத்தங்கலில் இருந்த அவருடைய மரக் கடைசல் பட்டறையில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு நாற்காலி கிடக்கும். அதில் ஒரு காலைத் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் நான் சாணை பிடித்து வைத்த பட்டை உளியை எடுத்து அந்தத் தோலைச் சீவுவார். சீவியது நாற்காலிக்கு அடியில் மரச்சுருளோடு கலந்து கிடக்கும். முடிந்ததும் உளியை வேட்டியில் துடைத்துவிட்டு, “இந்தாலே, மொனை மழுங்கிருச்சு பாரு, தீட்டிக்க” என்று நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். நின்றுகொண்டுதான் வாங்குவேன், ஏனென்றால் அந்தப் பட்டறையில் அவரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது.

ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். பட்டாசுக் கம்பெனிகளில் புஸ்வாணத்துக்குக் காகிதத்தைக் கூம்பு கூம்பாகச் சுற்ற மர அச்சு வேண்டும். சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி வரைக்கும் பல கம்பெனிகளுக்கு அந்த அச்சு எங்கள் பட்டறையிலிருந்துதான் போனது. சீசன் இல்லாத நாளில் பூரிக்கட்டையும் கட்டில் காலும் கடைவோம். மிஷினில் கடைய நானும் இன்னும் இரண்டு பேரும் இருந்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க சில பெண்கள். எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே வேலை பார்த்தோம்.

கடைவது நின்று செய்யும் வேலைதான், அதில் எனக்கு ஒன்றும் குறையில்லை. உளியை நகர்த்தும்போது உடம்பும் கூடவே சாய வேண்டும். ஆனால் உப்புத்தாள் தேய்க்க எதற்காக நிற்க வேண்டும்? கேட்டால், “உக்காந்தா கை தூங்கிரும்” என்பார். இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு போலச் சொல்லிவிட்டுத் தானே தலையாட்டிக்கொள்வார். சாத்தூர் காராச்சேவு பொட்டலம் ஒன்று எப்போதும் அவர் மடியில் இருக்கும். தின்ற கையைக் கழுவ மாட்டார். எண்ணெய் வழியும் கட்டைவிரலால் நாங்கள் முடித்து வைத்த அச்சைத் தடவித் தடவி வழவழப்புப் பார்ப்பார். அவர் தடவியதை அப்புறம் அந்தப் பெண்கள் மறுபடியும் தேய்க்க வேண்டியிருக்கும்.

அவர் கெட்டவர் என்று சொன்னால் திருத்தங்கலில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தீபாவளிக்கு முன்னால் போனஸ் தவறாமல் கொடுப்பார். கோயில் கொடைக்கு முதல் ஆளாக நிற்பார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் பொறுக்காது, அடுத்தவன் உட்காருவது. ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருடைய உடம்பில் எங்கோ அரிக்கும்போல. மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து வெளியே வேப்பமரத்து நிழலில் உட்காருவோம். சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து உள்ளேயிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் நின்றால், “ஒண்ணுமில்லலே, இருக்கியான்னு பாத்தேன், போ” என்பார். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவருக்கு இது நடக்கும்.

கம்பெனி மேனேஜர்கள் ஆர்டர் சொல்ல வந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு மடக்கு நாற்காலி உண்டு. அதைச் சுவரில் எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருப்பார். கொக்கிக் கம்பு வைத்துத்தான் எடுக்க முடியும். அவர்கள் எழுந்த சூடு ஆறுவதற்குள் அது மறுபடியும் சுவருக்குப் போய்விடும்.

உப்புத்தாள் தேய்த்த பெண்களில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்த மாதம். ஒரு நாள் முடியாமல் மரக்கட்டைக் குவியலில் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே, “பிள்ளை வகுத்துலதான இருக்கு, கால்லயா இருக்கு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, குனிந்து அவரவர் கட்டையைப் பார்த்துக்கொண்டோம். அந்தப் பெண் எழுந்து நின்று மிச்ச அச்சைத் தேய்த்தாள். 

அவர் வீட்டிலும் இதே கதைதான். ஒரு முறை கட்டில் கால் மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற மகன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தான். அண்ணாச்சியின் வீட்டம்மா அடுப்படி மேடை ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் சோபா, குஷன் எல்லாம் இருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

எனக்கு விபத்து நடந்தது ரயில்வே கேட் பக்கத்தில். லோடு ஏற்றி வந்த மினி வேன் ஒன்று என் பைக்கை உரசித் தள்ளிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி உள்ளே கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அண்ணாச்சி பழமும் பால்பன்னும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வந்தவர் கட்டில் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் படுத்திருப்பதைப் பார்க்க அவருக்கு என்னவோ செய்தது. வேட்டியைச் சரிசெய்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கடைசியில், “கொஞ்சம் எந்திரிச்சாவது உக்காரேன்லே” என்றார். காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மனிதனிடம் அப்படிச் சொன்னார்.  அவர் போனதும் என் வீட்டுக்காரி அந்தப் பால்பன்னை அடுத்த கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் இனிமேல் அதிக நேரம் நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்குக் கடைசலைத் தவிர வேறு வேலை தெரியாது. என் வீட்டுக்காரி பட்டாசுக் கம்பெனியில் திரி அடுக்குகிறவள். அவள் வேலைக்குப் போய் நான் வீட்டில் கிடந்த அந்த மாதங்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. உட்கார்ந்துகொண்டு கடைய முடியுமா, முடியாதா? முடிந்தால் நான் ஒரு மனிதன், முடியாவிட்டால் வாசலில் கிடக்கும் சாக்கு. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாண்டி என் சிநேகிதன். அவனிடம் கேட்டேன். “முடியும் மாப்ள. ஆனா மெஷினை அப்படியே எறக்கி வச்சாப் போதாது, எல்லாத்தையும் மாத்தணும்” என்றான்.

அண்ணாச்சியிடம் போய்க் கேட்க எனக்குக் கூசியது. ஆனால் அந்த நேரம் சீசன் தொடங்கிவிட்டது, மற்ற இரண்டு கடைசல்காரரில் ஒருவர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார், புஸ்வாண அச்சுக்கு ஆள் போதவில்லை. அதனால் சம்மதித்தார். சம்மதித்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் காராச்சேவைத் தின்றுகொண்டே யோசித்தார். அப்புறம், “செஞ்சுக்க. ஆனா வாசல்ல நொழையிறவங்க கண்ணுல படாம உள்ள தள்ளிப் போட்டுக்க” என்றார். நான் ஏதோ அம்மணமாக உட்காரக் கேட்டதுபோல இருந்தது.

பாண்டி முதலில் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டான். கட்டை சுழல்கிற உயரம் அந்தக் குறிக்கு வர வேண்டும். சிமெண்டுத் திண்டின் மேல் இருந்த மிஷினைக் கழற்றி, ஆங்கிள் இரும்பில் புதுசாக ஒரு ஸ்டாண்டு அடித்தான். நடுவில் கால் வைத்தால் என் முழங்கால் இடிக்கும் என்று இரண்டு ஓரத்திலும் மட்டும் கால் வைத்தான். ஓடவிட்டதும் ஸ்டாண்டு நடுங்கியது, அடியில் மணல் மூட்டை அடுக்கினோம். காலால் அழுத்துகிற சுவிட்சை எடுத்துவிட்டு, முழங்கையால் தட்டினாலே நிற்கிற மாதிரி இடது பக்கம் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் வைத்தான்.

உட்கார்ந்தால் உடம்பு சாயாது. அதற்குப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஷேர் ஆட்டோ டிரைவர் சீட் ஒன்றை வாங்கி வந்து, கீழே சக்கரம் வைத்து, மிஷின் ஓரமாகவே நகர்கிற மாதிரி தண்டவாளம் போட்டான். நல்ல காலால் ஒரு உந்து உந்தினால் சீட் நகரும், உளியும் கூடவே போகும். உளிகளின் பிடி நீளமாக இருந்து வயிற்றில் குத்தியதால் எல்லாவற்றையும் நானே வெட்டிச் சின்னதாக்கினேன். முகம் கட்டைக்குக் கிட்டே வந்துவிட்டதால் ஹெல்மெட்டைக் கண்ணாடியோடு மாட்டிக்கொண்டேன். மடியில் ரெக்சின் விரித்துக்கொண்டேன், சுருள் அதில் வந்து விழும். “கட்டைக்கு நேரா உக்காராத மாப்ள, கொஞ்சம் தள்ளி உக்காரு. கட்டை கழண்டு தெறிச்சா, நிக்கிறவன் குதிச்சு வெலகிருவான், உக்காந்தா முடியாதுல்ல” என்று பாண்டி திரும்பத் திரும்பச் சொன்னான்.

முதல் அச்சு வழவழவென்று வந்தபோது நான் அழுதேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாண்டி சிகரெட் பிடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டான்.

அப்போது அண்ணாச்சி உள்ளே வந்தார்.  வெள்ளைச் சட்டையோடு கதவு நிலையில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். என்ன வேண்டும் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. மிஷினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, ரெக்சினை எடுத்துவிட்டு, நடக்க வைத்திருந்த கைத்தடியை ஊன்றி, ஒரு காலில் எழுந்து நின்றேன். வலியில் கண் இருட்டியது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, சொறிந்து முடித்தவன் முகத்தில் வருமே, அந்த நிம்மதி. “ம், செய்யி” என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை எழுப்பிவிட மட்டும்தான் வந்திருக்கிறார்.

அதன் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. நாற்காலியை விட்டு அசையாத மனிதர், எனக்காக அடிக்கடி எழுந்து வந்தார். எழுந்திரு என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் முடியாது என்று சொல்லியிருப்பேன். சும்மா வந்து நிற்பார், அவ்வளவுதான். நான் எழுந்திருக்கும்வரை அவருக்கு வேறு வேலையே கிடையாது. கொஞ்ச நாளில் அந்த வெள்ளைச் சட்டை கண்ணில் பட்டதும் என் கை தானாகவே சிவப்புப் பொத்தானுக்குப் போக ஆரம்பித்தது. 

சீசன் முற்றிய நேரம். ஒரு நாள் ஒரு பூவரசங்கட்டையில் கூம்பின் நுனியை இறக்கிக்கொண்டிருந்தேன். கடைசலில் ரொம்ப நுணுக்கமான இடம் அதுதான், உளி இம்மி பிசகினாலும் கட்டையைக் கொத்திவிடும். வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரக்கண்ணில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அன்றைக்கு என் கை பொத்தானுக்குப் போகவில்லை, உளியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் உடம்பு எழுந்துவிட்டது. நான் எழ நினைக்கவில்லை. என்னைக் கேட்காமல் இடுப்பு தூக்கிக்கொண்டது. உளி கட்டையில் போய்ப் பாய்ந்தது, கட்டை பிடியை விட்டுக் கழன்று ஹெல்மெட் கண்ணாடியைப் பிளந்துகொண்டு புருவத்தில் அடித்தது. இடது கை மோதிர விரல், கட்டைக்கும் உளியைத் தாங்குகிற இரும்புக்கும் நடுவில் மாட்டி நுனி நசுங்கியது.

ரத்தத்தோடு கீழே கிடந்தேன். தேய்க்கிற பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தன் துண்டை என் கையில் சுற்றினாள். அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்று, அவர்களைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீகளா? உக்காந்து செஞ்சா இப்படித்தான் ஆகும். நான் அப்பவே நெனைச்சேன்.”

நடிப்பில்லை அது. மனதாரச் சொன்னார். அதைத்தான் என்னால் இன்னும் சகிக்க முடியவில்லை. நான் எதற்காக எழுந்தேன் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை. விரலுக்குத் தையல் போட்டு வருவதற்குள் ஸ்டாண்டை அறுத்துவிட்டு, மிஷினைப் பழையபடி திண்டு மேலே ஏற்றிவிட்டார்கள். பாண்டியைத்தான் முதலில் கூப்பிட்டாராம். “நான் வச்சதை நானே அறுக்க மாட்டேன் அண்ணாச்சி” என்று அவன் மறுத்ததால், சாத்தூர் பக்கமிருந்து வேறு ஆளை வரவழைத்துச் செய்தார். அந்த ஆட்டோ சீட்டை மட்டும் பாண்டி தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டில் போட்டான்.

“இனி அந்த ஆளு பட்டறை வாசலை மிதிச்சீகன்னா இன்னொரு காலையும் நானே ஒடிச்சிருவேன்” என்றாள் என் வீட்டுக்காரி. மிதிக்கிற எண்ணம் எனக்கும் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு பழைய மிஷின் கிடைத்தது. வீட்டு முன்னறையில், முன்பு செய்த மாதிரியே எல்லாவற்றையும் செய்தோம். பாண்டி ஒன்றே ஒன்றைக் கூடுதலாகச் செய்தான். பொருட்காட்சி ராட்டினத்தில் உட்கார்ந்ததும் குறுக்கே ஒரு கம்பி போடுவார்களே, அதுபோல சீட்டின் குறுக்கே, என் தொடை மேல் படிகிற மாதிரி ஒரு பட்டை இரும்பு. மிஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியைக் கழற்றினால்தான் திறக்கும். எதற்கு என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பெனிகள் நேரடியாக என்னிடமே அச்சுக்கு ஆர்டர் சொல்ல ஆரம்பித்தன.

அடுத்த சீசனில் ஒரு நாள் சாயங்காலம் அவர் வந்தார். கட்டை சுற்றிக்கொண்டிருந்தது, உளி மேலே இருந்தது. வாசல் நிலையில் அதே வெள்ளைச் சட்டை.

தொடையில் இரும்பு நங்கென்று இடித்தது. சீட் அசையவில்லை, உளி அசையவில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

“என்னலே, நல்லா இருக்கியா?” என்றார்.

“இருக்கேன் அண்ணாச்சி.”

என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வந்தவர் யாரென்று தெரிந்ததும், முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து என் பக்கத்தில் போட்டாள். அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார், என் சீட்டைப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம். உட்காரவில்லை.

“ரெண்டு பேரைப் போட்டுப் பாத்தேன், கூம்பு ஒண்ணுபோல வரமாட்டேங்குது. நீ வந்துரு. உக்காந்தே செய்யி. நான் ஒண்ணும் சொல்லலை.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பதிலுக்காக இல்லை. அவர் கண் என் முழங்காலிலேயே இருந்தது. உக்காந்தே செய்யி என்று சொல்லும்போதே, அதைக் கேட்பதற்கு நான் எழுந்து நிற்க வேண்டும் என்று அந்த மனிதர் எதிர்பார்த்தார்.

“இரும்பு மறிச்சிருக்கு அண்ணாச்சி” என்றேன். “நான் வரலை. கட்டை ஓடிக்கிட்டு இருக்கு, தள்ளி நில்லுங்க.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நான் அந்த அச்சை முடித்து, கழற்றி, அடுத்த கட்டையை மாட்டினேன். அப்புறம்தான் புரிந்ததுபோலத் திரும்பி நடந்தார். ஏதோ முணுமுணுத்தார், மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

“நல்லா நிக்கட்டும்” என்று என் வீட்டுக்காரி சந்தோஷமாக நாற்காலியை உள்ளே எடுத்துப்போனாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள், சிரித்துச் சிரித்துக் குடித்தோம்.

பொழுது சாய்ந்து குளிக்கப் போனபோதுதான் பார்த்தேன். இரண்டு தொடையிலும் குறுக்காக, அந்தப் பட்டை இரும்பின் அகலத்துக்கு, ரத்தம் கட்டிக் கன்றிப் போயிருந்தது. அவ்வளவு வேகமாக எழப் பார்த்திருக்கிறேன்.